கணினி எழுப்பும் எச்சரிக்கை

நியூயார்க் நகரைச் சேர்ந்த ரோரி ஸ்டான்டன் 12 வயதுச் சிறுவன். 2012ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில், பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் பந்தைப் பிடிக்கப் பாய்ந்தபோது கீழே விழுந்தான். கையில் சிறு காயம் ஏற்பட்டது. காயத்தின்மீது ஒட்டுப்பட்டை ஒட்டப்பட்டது. அடுத்த நாள் அவனுக்குக் கடுமையான காய்ச்சல், வாந்தி, தாங்க முடியாத கால்வலி. வயிற்றுக் கோளாறாக இருக்கலாம் என்று மருத்துவர் கருதினார். மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவிலும் அவ்வாறே கருதி, உடலில் நீர்ச்சத்து ஏற்றி, வீட்டுக்கு அனுப்பினர். அவன் வீடு சென்ற பின்னரே இரத்தப் பரிசோதனை முடிவுகள் வந்தன. வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை இயல்பைவிட மிகக் கூடுதலாக இருந்ததை அவை காட்டின. அந்தத் தகவல் உரிய நேரத்தில் பெற்றோரைச் சென்றடையவில்லை. ஏப்ரல் 1ஆம் தேதி ரோரி இறந்தான்.

அவன் உயிரைப் பறித்தது செப்சிஸ். அதற்கான அறிகுறிகள் இல்லாமல் இல்லை. காய்ச்சல் ஒரு தாளில் பதிவாகியிருந்தது. இரத்தப் பரிசோதனை முடிவு வேறோர் இடத்தில் இருந்தது. கால்வலியைப் பற்றி அவனே சொல்லியிருந்தான். சிதறிக் கிடந்த அந்தத் துண்டுகளை நேரத்தோடு ஒன்றுசேர்த்துப் பார்க்க முடியவில்லை என்பதுதான் துயரம். இன்று உலகின் பல மருத்துவமனைகள் அந்த வேலையைக் கணினியிடம் ஒப்படைக்க முயல்கின்றன. அது எந்த அளவுக்குக் கைகொடுக்கிறது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

முதலில் செப்சிஸ் என்றால் என்ன என்று தெரிந்துகொள்வோம். "இரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது", "இரத்தம் நஞ்சாகிவிட்டது" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்தப் பேச்சு ஓரளவுக்கே சரி. உண்மையில் செப்சிஸில் உடலைக் கெடுப்பது கிருமி மட்டுமன்று. கிருமியை எதிர்க்க உடல் நடத்தும் போரும் உடலைக் கெடுக்கிறது. காயத்தின் வழியாகவோ, நுரையீரல், சிறுநீர்ப்பாதை ஆகியவற்றின் வழியாகவோ கிருமி உள்ளே நுழைகிறது. நோய் எதிர்ப்பு ஆற்றல் விழித்துக்கொள்கிறது. வெள்ளை அணுக்கள் வேதிப்பொருள்களை வெளியிட்டுத் துணைக்கு ஆள் சேர்க்கின்றன. வழக்கமாக இந்தப் போர் காயம்பட்ட இடத்தோடு முடிந்துவிடும். சில வேளைகளில் அது கட்டுக்கடங்காமல் உடல் முழுவதும் பரவிவிடுகிறது. இரத்தக் குழாய்கள் அகன்று, அவற்றின் சுவர்கள் கசியத் தொடங்குகின்றன. இரத்த அழுத்தம் சரிகிறது. நுண்ணிய குழாய்களில் இரத்தம் உறைகிறது. சிறுநீரகம், கல்லீரல், மூளை, நுரையீரல் ஆகியவற்றுக்குப் போதிய உயிர்வளி கிடைப்பதில்லை. ஒவ்வோர் உறுப்பாகச் செயலிழக்கத் தொடங்குகிறது. ஓர் அறையில் பிடித்த தீயை அணைக்க வந்தவர்கள் வீடு முழுவதும் நீரைப் பாய்ச்சி வீட்டையே இடித்துவிடுவது போன்றது இது.

இது அரிதான நோயன்று. 2017ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறக்குறைய 48.9 மில்லியன் பேருக்குச் செப்சிஸ் ஏற்பட்டது. அதன் தொடர்பில் 11 மில்லியன் பேர் இறந்தனர் என ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர். அந்த ஆண்டு உலகில் நிகழ்ந்த ஐந்து மரணங்களில் ஒன்று இதனோடு தொடர்புடையது.

சிகிச்சை புதிரானதன்று. நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் நரம்புவழி ஏற்றும் திரவமும் எல்லாப் பெரிய மருத்துவமனைகளிலும் உண்டு. நேரம்தான் கிடைப்பதில்லை. ரோரியின் மரணத்துக்குப் பிறகு, 2013ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலம் புதிய விதிமுறைகளைக் கொண்டுவந்தது. செப்சிஸை விரைவாகக் கண்டறிந்து சிகிச்சை அளிப்பதற்கான நடைமுறை ஒவ்வொரு மருத்துவமனையிலும் இருக்க வேண்டும் என்றது அது. அம்மாநிலத்தின் 149 மருத்துவமனைகளில் 49,000க்கும் மேற்பட்ட நோயாளிகளை ஆராய்ந்து 2017இல் ஓர் அறிக்கை வெளிவந்தது. தொடக்கச் சிகிச்சைகளை முடிக்கத் தாமதமான ஒவ்வொரு மணி நேரத்துக்கும் நோயாளி இறப்பதற்கான வாய்ப்பு ஏறக்குறைய 4 விழுக்காடு கூடியதாக அது கூறியது. ஒரு மணி நேரம் என்பது அவசரச் சிகிச்சைப் பிரிவில் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும்.

அப்படியானால் ஏன் உடனே கண்டுபிடிக்க முடிவதில்லை? செப்சிஸுக்கென்று தனி முகம் இல்லை. காய்ச்சல், வேகமான இதயத்துடிப்பு, சோர்வு ஆகியவை சளிக்காய்ச்சலிலும் உண்டு, டெங்கியிலும் உண்டு. பயத்தில் கூட இதயம் வேகமாகத் துடிக்கும். முதியவர்கள் சிலருக்குக் காய்ச்சலே வராது. "ஆம்" அல்லது "இல்லை" என்று அடித்துச் சொல்லும் ஒற்றைப் பரிசோதனையும் இல்லை. இரத்தத்தில் எந்தக் கிருமி இருக்கிறது என்பதை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பார்ப்பதற்கு ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். அதுவரை காத்திருக்க முடியாது.

இந்தச் சிக்கலுக்குக் கணினி வருவதற்கு முன்பே தாதியர்கள் கையில் ஓர் எளிய கருவி இருந்தது. அது வெறும் கூட்டல் கணக்கு. பிரிட்டனின் அரச மருத்துவர் கல்லூரி 2012இல் அறிமுகப்படுத்திய தேசிய முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறை அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மூச்சு, உயிர்வளி அளவு, இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, சுயநினைவு, உடல் வெப்பம் ஆகிய ஆறையும் தாதி அளக்கிறார். ஒவ்வொன்றும் இயல்பிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ அதற்கேற்ப 0 முதல் 3 வரை மதிப்பெண். தேர்வில் மதிப்பெண் கூடினால் மகிழ்ச்சி; இங்கே கூடினால் ஆபத்து.

நாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். படுக்கையில் இருப்பவர் நிமிடத்துக்கு 22 முறை மூச்சுவிடுகிறார்: 2 மதிப்பெண். உயிர்வளி அளவு 95 விழுக்காடு: 1. இரத்த அழுத்தத்தின் மேல் அளவு 104: 1. நாடித்துடிப்பு 106: 1. வெப்பம் 38.3 பாகை செல்சியஸ்: 1. அவர் தெளிவாகப் பேசுகிறார். ஆகவே சுயநினைவுக்கு 0. இவற்றுள் எந்த ஓர் எண்ணும் தனியாகப் பார்த்தால் யாரையும் பதறவைக்காது. "கொஞ்சம் காய்ச்சல், கொஞ்சம் படபடப்பு" என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விடலாம். ஆனால் கூட்டினால் 6 வருகிறது. மொத்தம் 5 ஆனாலே மருத்துவரை அவசரமாக அழைக்க வேண்டும் என்கிறது அந்த முறை. 7 ஆகிவிட்டால் நெருக்கடிநிலை. சிறுசிறு மாற்றங்கள் சேர்ந்து ஒரு பெரிய செய்தியைச் சொல்கின்றன. எனக்கு இந்தக் கணக்கு மிகவும் பிடிக்கும். தொடக்கப்பள்ளிக் கூட்டலே போதும். ஆனால் அது உயிரைக் காக்கிறது.

எனினும் இம்முறைக்கு எல்லை உண்டு. தாதி அளக்கும் நேரத்தில் மட்டுமே அது பார்க்கிறது. அடுத்த முறை அளக்கச் சில மணி நேரம் ஆகலாம். நோயாளியின் வயது, அவருக்கு ஏற்கெனவே உள்ள நோய்கள், நேற்றைய இரத்தப் பரிசோதனை ஆகியவை அந்த ஆறு எண்களில் இல்லை. கணினி நுழைவது இந்த இடத்தில்தான்.

இன்று பெரும்பாலான மருத்துவமனைகளில் நோயாளியைப் பற்றிய பதிவுகள் மின்னியல் வடிவில் உள்ளன. செயற்கை நுண்ணறிவு நிரல் ஒன்றுக்கு முந்தைய ஆயிரக்கணக்கான நோயாளிகளின் பதிவுகளைக் கொடுக்கிறார்கள். யாருக்குச் செப்சிஸ் வந்தது, யாருக்கு வரவில்லை என்னும் முடிவும் அதற்குத் தெரிவிக்கப்படுகிறது. நோய் வெளிப்படுவதற்குப் பல மணி நேரம் முன்பு பதிவுகளில் என்னென்ன மாற்றங்கள் சேர்ந்து தோன்றின என்பதை நிரல் தானே கற்றுக்கொள்கிறது. பிறகு புதிய நோயாளிகளின் பதிவுகளை இரவும் பகலும் ஓயாமல் பார்த்து, அதே போன்ற சாயல் தெரிந்தால் எச்சரிக்கிறது. அதற்குத் தூக்கம் வராது. பணிநேரம் முடிந்து வீட்டுக்குப் போவதும் இல்லை.

நம் சிங்கப்பூரிலும் இத்தகைய முயற்சி நடந்துள்ளது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உள்ளூர் மருத்துவமனை ஒன்றின் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளைக் கொண்டு 'செரா' என்னும் நிரலை உருவாக்கினர். அதைப் பற்றிய கட்டுரை 2021இல் வெளிவந்தது. எண்களோடு நிற்காமல், மருத்துவர்கள் எழுதும் குறிப்புகளையும் அது படித்தது. இது சிறிய செய்தியன்று. "நேற்றைவிடச் சோர்வாக இருக்கிறார்", "கேள்விக்குத் தாமதமாகப் பதில் சொல்கிறார்" என்பன போன்ற கவனிப்புகளை எந்தக் கருவியும் அளப்பதில்லை. அவை சொற்களில்தான் இருக்கும். நோய் வெளிப்படுவதற்கு 12 மணி நேரம் முன்பே, செப்சிஸ் வரவிருந்த 100 பேரில் 87 பேரை அந்த நிரல் சரியாகச் சுட்டியது. செப்சிஸ் வராத 100 பேரில் 13 பேரைத் தவறாகச் சுட்டியது. ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். இது ஏற்கெனவே சேமிக்கப்பட்ட பதிவுகளில் செய்த சோதனை. பரபரப்பான நோயாளிக்கூடத்தில் என்ன நடக்கும் என்பது வேறு கேள்வி.

அந்தக் கேள்விக்குக் கசப்பான ஒரு விடை அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனையிலிருந்து வந்தது. அந்நாட்டின் நூற்றுக்கணக்கான மருத்துவமனைகளில் பயன்பட்டுவந்த ஒரு நிறுவனத்தின் செப்சிஸ் நிரலை அங்குள்ள ஆய்வாளர்கள் தாங்களே சோதித்தனர். 38,000க்கும் மேற்பட்ட மருத்துவமனைச் சேர்க்கைகளை ஆராய்ந்து 2021இல் முடிவை வெளியிட்டனர். அதை 100 நோயாளிகள் என்னும் கணக்கில் எளிமையாகச் சொல்லலாம். 100 பேரில் 7 பேருக்குச் செப்சிஸ் இருந்தது. நிரல் 18 பேருக்கு எச்சரிக்கை எழுப்பியது. அந்த 18 பேரில் உண்மையாகவே செப்சிஸ் இருந்தவர்கள் ஏறக்குறைய 2 பேர். மீதி 16 எச்சரிக்கைகள் வீண். எச்சரிக்கை எழாமலே விடுபட்ட செப்சிஸ் நோயாளிகள் 5 பேர்.

ஏன் இப்படி ஆனது? ஒரு காரணம் வியப்பானது. அந்த நிரல் கவனித்த தகவல்களில் ஒன்று, மருத்துவர் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுக்க உத்தரவிட்டாரா என்பது. மருத்துவர் அந்த மருந்தை எழுதுகிறார் என்றால் அவர் ஏற்கெனவே கிருமித்தொற்றைச் சந்தேகித்துவிட்டார் என்று பொருள். அதைப் பார்த்துவிட்டு "இவருக்குச் செப்சிஸ் இருக்கலாம்" என்று நிரல் சொல்வது, பக்கத்து மாணவர் எழுதிய விடையைப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்குவதற்கு ஒப்பாகும். விடை சரியாக இருக்கலாம். யாருக்கு என்ன பயன்? பின்னர் அந்நிறுவனம் தன் நிரலைத் திருத்தியமைத்தது.

வீண் எச்சரிக்கையால் என்ன கெட்டுவிடும், எச்சரிக்கையாக இருப்பது நல்லதுதானே என்று சிலர் கேட்கலாம். "புலி வருது, புலி வருது" என்று கத்திய சிறுவனின் கதை நமக்குத் தெரியும். அடுக்குமாடிக் கட்டடத்தில் தீ எச்சரிக்கை மணி வாரந்தோறும் காரணமின்றி ஒலித்தால், சில வாரங்களில் யாரும் வீட்டைவிட்டு இறங்கமாட்டார்கள். நோயாளிக்கூடத்தில் ஏற்கெனவே எத்தனையோ கருவிகள் ஒலித்துக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு வீண் எச்சரிக்கைக்கும் தாதி ஒருவர் தம் வேலையை நிறுத்திவிட்டுப் போய்ப் பார்க்க வேண்டும். பலமுறை ஏமாந்த பிறகு, உண்மையான எச்சரிக்கையும் அதே ஒலியில் கரைந்துவிடும். தேவையில்லாதவருக்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுப்பதும் நல்லதன்று. மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகுவதற்கு அது வழிவகுக்கும்.

ஆகவே, நல்ல நிரலை அளக்க இரண்டு கேள்விகள் வேண்டும். எத்தனை பேரைச் சரியாகக் கண்டுபிடித்தது என்பது ஒன்று. அது கூப்பிட்டபோது யாராவது வந்தார்களா என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்வியைப் பலர் கேட்பதில்லை.

அதைக் கேட்டவர்களுள் ஒருவர் சுச்சி சாரியா. இந்தியாவில் பிறந்து அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் கணினி அறிவியலாளர். அவர் தம் உறவினர் மகனைச் செப்சிஸுக்குப் பறிகொடுத்தவர். அவர் குழு உருவாக்கிய 'ட்ரூஸ்' என்னும் நிரல் ஐந்து மருத்துவமனைகளில் பயன்படுத்தப்பட்டது. 590,000க்கும் மேற்பட்ட நோயாளிகளை அது கண்காணித்தது. 2022இல் வெளிவந்த முடிவு இதுதான்: எச்சரிக்கை எழுந்த மூன்று மணி நேரத்துக்குள் மருத்துவர் அதைப் பார்த்து உறுதிசெய்த செப்சிஸ் நோயாளிகளிடையே இறப்பு ஏறக்குறைய 19 விழுக்காடு குறைவாக இருந்தது. அதாவது, 100 பேர் இறக்கும் இடத்தில் 81 பேர். வாசகர்கள் அந்த வாக்கியத்தை இன்னொரு முறை படிக்க வேண்டும். நிரல் எச்சரித்ததால் மட்டும் இறப்பு குறைந்தது என்று அது சொல்லவில்லை. மருத்துவர் நேரத்தோடு வந்து பார்த்த இடத்தில்தான் குறைந்தது. கவனமாக ஆராய்வோர் இங்கே ஒரு கேள்வி எழுப்புவர்: எச்சரிக்கைக்கு விரைந்து வரும் மருத்துவர்கள் மற்ற வகையிலும் நன்றாகக் கவனிப்பவர்களாக இருக்கலாம் அல்லவா? நியாயமான கேள்விதான். நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்துச் சோதித்த ஆய்வன்று அது.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்திலுள்ள டியூக் பல்கலைக்கழக மருத்துவமனை வேறு வழியைத் தேர்ந்தெடுத்தது. அங்கு 2018இன் இறுதியில் தொடங்கிய திட்டத்தில், கணினியின் எச்சரிக்கை நேரடியாக மருத்துவரின் திரையில் குதிப்பதில்லை. அனுபவமிக்க தாதியர் சிலர் ஒரு கையடக்கக் கணினியில் எல்லா நோயாளிகளின் நிலையையும் பார்க்கின்றனர். ஆபத்து உள்ளவர் என்று திரை காட்டினால், தாதி முதலில் அவருடைய பதிவுகளைத் தாமே சரிபார்க்கிறார். பிறகு அவசரச் சிகிச்சைப் பிரிவு மருத்துவரைத் தொலைபேசியில் அழைக்கிறார். இதை நேரில் ஆராய்ந்தவர்கள் சுவையான ஒன்றைக் கண்டனர். மருத்துவரை எப்போது அழைப்பது, எப்படிப் பேச்சைத் தொடங்குவது, அவர் எரிச்சலடையாமல் எப்படி எடுத்துச் சொல்வது என்பதையெல்லாம் தாதியரே படிப்படியாகக் கற்றுக்கொண்டனர். எந்த மென்பொருளிலும் எழுதப்படாத திறன் அது. கணினித் திட்டம் வெற்றிபெற்றது என்று செய்தி வரும்போது இத்தகையோரின் உழைப்பு பெரும்பாலும் அச்சில் ஏறுவதில்லை.

கலிஃபோர்னியாவின் சான் டியேகோ நகரில் பயன்படும் இன்னொரு நிரலுக்கு ஓர் அரிய பண்பு உண்டு. தான் கற்ற பதிவுகளுக்குச் சற்றும் ஒத்துவராத நோயாளியைக் கண்டால் அது ஊகித்துச் சொல்வதில்லை; "தீர்மானிக்க இயலவில்லை" என்று காட்டுகிறது. வீண் எச்சரிக்கையைக் குறைக்க அது ஒரு வழி.

நிரல் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும், அதற்குள் செல்லும் எண் தவறாக இருந்தால் பயனில்லை. விரல்நுனியில் மாட்டி உயிர்வளி அளவைக் காட்டும் சிறு கருவியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது தோலின் வழியே ஒளியைச் செலுத்தி அளக்கிறது. 2020இல் மிச்சிகன் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வின்படி, உயிர்வளி உண்மையில் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தும் கருவி இயல்பான எண்ணைக் காட்டுவது, வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம். கருமையான தோல் ஒளியைக் கூடுதலாக உள்வாங்குவதே இதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது. மாநிறமும் கருநிறமும் கொண்ட நம்மவர்களுக்கு இது வெறும் அயல்நாட்டுச் செய்தியன்று. நாம் மேலே போட்ட கணக்கில் உயிர்வளிக்கு 1 மதிப்பெண் கொடுத்தோம் அல்லவா? உண்மையில் அங்கே 2 அல்லது 3 கொடுத்திருக்க வேண்டியிருக்கலாம்.

இத்தகைய நிரல்கள் பார்ப்பது மருத்துவமனைப் பதிவில் ஏறிவிட்ட நோயாளியை மட்டுமே. ஆனால் பெரும்பாலோருக்குச் செப்சிஸ் தொடங்குவது மருத்துவமனைக்கு வருமுன்பே, வீட்டில்தான். அங்கே தாதியும் இல்லை, திரையும் இல்லை. காய்ச்சலோ காயமோ கிருமித்தொற்றோ உள்ள ஒருவர் திடீரெனக் குழப்பமாகவோ குழறியோ பேசினால், கடுமையாக நடுங்கினால், மூச்சுவிடச் சிரமப்பட்டால், நாள் முழுவதும் சிறுநீர் கழிக்காமல் இருந்தால், தோல் திட்டுத்திட்டாக நிறம் மாறினால் காத்திருக்கக்கூடாது. 995 எண்ணை அழைக்க வேண்டும். மருத்துவரிடம் பேசும்போது, "இது செப்சிஸாக இருக்குமா?" என்று நேராகவே கேட்கலாம். பாட்டி வழக்கமாக எப்படிப் பேசுவார், எத்தனை மணிக்கு எழுந்து தேநீர் கேட்பார், இன்று ஏன் கேட்கவில்லை என்பது எந்தப் பதிவிலும் இருக்காது. அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.